கடலடியில் விதைக்கும் சிப்பி: ஸ்காலப் வளர்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காலப் என்பது எந்தச் சிப்பி?

ஷெல் பெட்ரோல் பங்கின் மஞ்சள் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். விசிறி மாதிரி விரிந்த அந்த ஓடுதான். நம் மீன் சந்தைகளில் அதிகம் புழங்காத சரக்கு என்பதால் ஸ்காலப் என்றே எழுதுகிறேன்.

மட்டியும் ஆளியும் இருந்த இடத்திலேயே கிடக்கும். ஸ்காலப் நீந்தும். இரண்டு ஓட்டையும் படபடவென்று அடித்துத் தண்ணீரைப் பீய்ச்சி எம்பும். விளிம்பில் வரிசையாகப் பொடிக் கண்கள் உண்டு; சில இனங்களில் இருநூறு வரைகூட இருக்கும். ஓட்டைத் திறந்து மூடும் அந்தத் தடித்த தசைதான் உணவகத் தட்டில் வெள்ளை வில்லையாக வந்து உட்காருகிறது.

உலகில் பல இடங்களில் இதைக் கடலடியில் விதைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய அளவில், பல பத்தாண்டுகளாக, தொழிலாகவே நடத்திக் காட்டியது ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோ. அதன் ஒகோட்ஸ்க் கடற்கரையில் சாருஃபுட்சு, மொன்பெட்சு, தொகோரோ, அபாஷிரி என்று வரிசையாக மீனவ ஊர்கள். அங்கே வளர்வது 'ஹொதாதே' என்ற குளிர்கடல் இனம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தக் கரையைப் பற்றியவை.

கடலடி வளர்ப்புக்கும் தொங்கவிட்டு வளர்ப்பதற்கும் என்ன வித்தியாசம்?

தொங்கவிடுவது என்றால் மிதவை, கயிறு, கூண்டு. ஓட்டின் மூலையில் நீட்டியிருக்கும் 'காதில்' துளை போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. வருஷம் முழுக்க வேலை இருக்கும்: ஒட்டும் பாசியைச் சுரண்ட வேண்டும், கூண்டு மாற்ற வேண்டும், மிதவை ஏற்ற வேண்டும். பலன் சீக்கிரம் கிடைக்கும். ஹொக்கைடோவின் தெற்கே உச்சியுரா விரிகுடாவிலும், அதற்கும் தெற்கே அவோமொரி மாகாணத்து முட்சு விரிகுடாவிலும் இந்த முறைதான் அதிகம்.

கடலடி முறையில் குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிடுவார்கள். அப்புறம் மூன்று வருஷம் யாரும் தீனி போடுவதில்லை, தொடுவதும் இல்லை. நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டி அதுவே பிழைத்துக்கொள்ளும். நாற்று விட்டு நடும் நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். என்ன, இந்த வயலுக்கு வரப்பு கிடையாது.

ஒகோட்ஸ்க் கரையில் ஏன் கடலடி முறை?

அந்தக் கடல் வேறு எதற்கும் இடம் கொடுக்காது என்பதால்தான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பனிப்பாளங்கள் மிதந்து வந்து கரையை அடைத்துவிடும். கயிறும் மிதவையும் போட்டு வைத்தால் பாளங்கள் அறுத்துக்கொண்டு போய்விடும். பனி இல்லாத மாதங்களிலும் அது திறந்த கடல். அலையைத் தடுக்க வளைகுடா கிடையாது. தரையில் கிடக்கும் சிப்பிக்கு மட்டும் தலைக்கு மேல் பனி போவதும் வருவதும் ஒரு பொருட்டே இல்லை.

பனியால் நன்மையும் உண்டு. பனி உருகும் வசந்தத்தில் நுண்பாசி பெருகும். சிப்பிக்கு அதுதான் விருந்துக் காலம்.

எந்த ஆழம், எந்த மாதிரித் தரை?

ஒகோட்ஸ்க் பார்கள், அதாவது சிப்பி கிடக்கும் கடலடித் தளங்கள், பெரும்பாலும் 30 முதல் 70 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. நம் மீனவர் கணக்கில் 16 முதல் 38 பாகம். பிரான்சின் பிரெஸ்ட் வளைகுடாவில் வேறோர் இனத்தை இதைவிட ஆழம் குறைந்த இடங்களில் விதைக்கிறார்கள். ஆழத்தைவிடத் தரைதான் முக்கியம். பருமணலும் பொடிக்கல்லும் கலந்த இறுகிய தரை நல்லது. சேறு ஆகாது, கலங்கினால் செவுளை அடைத்துவிடும், சிப்பி மூச்சுவிடவும் தின்னவும் திணறும். நீரோட்டம் இருக்க வேண்டும், ஏனென்றால் தீனியைக் கொண்டு வருவது அதுதான். ஆனால் சிப்பியைப் புரட்டிப் போடும் வேகத்தில் இருக்கக் கூடாது.

குஞ்சு எங்கிருந்து வருகிறது? பொரிப்பகமா?

ஜப்பானில் பெரும்பாலும் கடலிலிருந்தே பிடிக்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வசந்தத்தில் தண்ணீர் சற்றுச் சூடேறியதும் சிப்பிகள் முட்டையையும் விந்தையும் கடலில் விடும். ஒரு பெரிய பெண் சிப்பி ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டை இடும். கருவுற்ற முட்டையிலிருந்து வரும் பொடி உயிரான லார்வா ஏறக்குறைய 35, 40 நாள் நீரில் அலையும். பிறகு மெல்லிய நார் ஒன்றை விட்டு எதையாவது பற்றிக்கொள்ளும். அப்போது அதன் அளவு மில்லிமீட்டரில் கால்பங்குதான் இருக்கும். கடற்புல்லோ கயிறோ வலையோ, எது கிடைத்தாலும் சரி. இது தெரிந்துதான் 1930களிலேயே ஹொக்கைடோவின் சாரோமா உப்பேரியில் குஞ்சு பிடிக்கும் சோதனைகள் நடந்தன.

சிக்கல் அதற்கு அப்புறம். 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்ந்ததும் குஞ்சு நாரை அறுத்துக்கொண்டு தரைக்கு இறங்கிவிடும். ஒட்டட்டும் என்று தேவதாரு இலைக் கொத்துகளைக் கட்டித் தொங்கவிட்ட மீனவர்கள், சில வாரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் கொத்து காலி. ஆயிரக்கணக்கில் ஒட்டியதெல்லாம் எங்கே போனது?

1960களில் முட்சு விரிகுடா மீனவர்கள் விடை கண்டார்கள். வெங்காய மூட்டைப் பை. கண்ணி பொடிசான அந்த வலைப்பைக்குள் இலைக் கொத்தைத் திணித்துத் தொங்கவிட்டார்கள். லார்வா கண்ணி வழியே உள்ளே போய்விடும். உள்ளே வளர்ந்து நாரை அறுத்துக்கொண்டு விழும்போது கண்ணியைவிடப் பெரிதாகியிருக்கும், வெளியே போக முடியாது, பைக்குள்ளேயே கிடக்கும். இன்று இலைக்குப் பதில் நைலான் வலைத் துண்டு, பை மட்டும் அதே வெங்காயப் பை. ஜப்பானியச் சிப்பித் தொழிலின் அடித்தளமே இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

பையை எப்போது இறக்க வேண்டும்?

இதில்தான் அனுபவஸ்தர்களும் சறுக்குவார்கள். சீக்கிரம் இறக்கினால் வேறு பிராணிகளும் பாசியும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தாமதித்தால் லார்வாக் கூட்டம் கடந்து போயிருக்கும். அதனால் ஆராய்ச்சி நிலையத்தார் பருவத்தில் அடிக்கடி நுண்வலை இழுத்து, நீரில் எத்தனை லார்வா, என்ன அளவு என்று எண்ணி மீனவர் சங்கங்களுக்குத் தகவல் சொல்கிறார்கள். இறங்கும் அளவை எட்டியவை கணிசமாகத் தென்பட்டதும் படகுகள் கிளம்பும்.

இன்னொரு தொல்லை, நட்சத்திர மீனின் லார்வாவும் அதே பைக்குள் வந்து உட்காரும். பையைப் பிரிக்கும்போது பொறுக்கி எடுக்காவிட்டால் கோழிக்கூண்டில் மரநாயைச் சேர்த்து அடைத்த கதைதான்.

பிடித்த குஞ்சை உடனே கடலில் விடலாமா?

விடலாம், நட்சத்திர மீனுக்கு நல்ல தீனி. பொடிக்குஞ்சின் ஓடு மெல்லியது, எம்பித் தப்பும் தெம்பும் இருக்காது. அதனால் கோடைக்கடைசியில் பையிலிருந்து எடுத்துச் சலித்து அளவு பிரித்து, கூம்பு வடிவ வலைக்கூண்டுகளில் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். நெருக்கினால் ஒன்றின் ஓட்டு விளிம்பு இன்னொன்றைக் கடித்துக் காயப்படுத்தும். ஆகவே வளர வளரக் கலைத்துவிட வேண்டும். அடுத்த வசந்தத்தில் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆகியிருக்கும். அதுதான் விதைக்கிற பக்குவம்.

எல்லா ஊரும் சொந்தமாகக் குஞ்சு வளர்ப்பதில்லை. தீவின் மேற்குக் கரையில் ருமோய், மாஷிகே பக்கம் குஞ்சு வளர்த்து விற்பதே ஒரு தனித்தொழில். நாற்றங்கால் ஓர் ஊரில், வயல் இன்னோர் ஊரில்.

விதைப்பு எப்படி நடக்கிறது?

விதைப்புக்கு முன் தரையைச் சுத்தம் செய்கிறார்கள். பல் வைத்த இரும்பு வாரியைக் கட்டி இழுத்து, பழைய ஓடு, குப்பை, முக்கியமாக நட்சத்திர மீன், எல்லாவற்றையும் வாரிக் கரை சேர்க்கிறார்கள். பிறகு வசந்தத்தில், வெயில் ஏறாத நேரத்தில், குஞ்சுகளைக் கூடைகளில் ஏற்றி, ஈரம் காயாமல் கடல்நீர் தெளித்துக்கொண்டே பாருக்குக் கொண்டு போகிறார்கள். படகு மெதுவாக நகர நகரக் கொட்டுவார்கள். ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் நுட்பம்.

அடர்த்தியாக விதைத்தால் அதிகம் கிடைக்கும் என்று தோன்றும். நடக்காது. ஒரு பாருக்கு நீரோட்டம் கொண்டு வரும் தீனி இவ்வளவுதான் என்று அளவு இருக்கிறது. சதுர மீட்டருக்குச் சில குஞ்சுகள் என்ற அளவைத் தாண்டினால் எல்லாமே சவலையாகும், தசை மெலியும், விலை போகாது.

கொட்டிய முதல் சில நாள்தான் ஆபத்து அதிகம். காற்றுப்பட்டுக் களைத்த குஞ்சு தரையில் புரண்டு நிமிர்ந்து உட்காருவதற்குள் பசியோடிருப்பவை வந்துவிடும். களைப்பைக் குறைப்பதற்காகவே கரையிலிருந்து பாருக்குப் போகும் நேரத்தை நிமிஷக் கணக்கில் சுருக்கப் பார்க்கிறார்கள்.

நான்கு வயல் சுழற்சி என்கிறார்களே, அது என்ன?

ஊரின் கடலடியை வரைபடத்தில் நான்கு பங்காகப் பிரிக்கிறார்கள். இந்த வருஷம் முதல் பங்கில் விதைப்பு, அடுத்த வருஷம் இரண்டாவதில், அப்படியே நான்காவது வரை. முதல் பங்கில் விதைத்தது மூன்று வருஷம் கடலடியில் கிடந்து, 10 சென்டிமீட்டரைத் தாண்டிய நாலு வயதுச் சிப்பியாகிறது. அதை வாரி எடுத்துத் தரையைச் சுத்தம் செய்தால் அடுத்த வசந்தத்தில் மறுபடி விதைக்கலாம். ஆக எந்த வருஷமும் ஒரு பங்கில்தான் அறுவடை. மீதி மூன்று பங்கிலும் வாரி இறங்கக் கூடாது.

சொல்வது சுலபம். பக்கத்துப் பங்கில் மூன்று வயதுச் சிப்பி கொழுத்துக் கிடக்கிறது, சந்தையில் விலை ஏறியிருக்கிறது, வீட்டில் கல்யாணச் செலவு. படகுத் தளத்தில் நிற்பவனுக்கு அந்தக் கடல் பரப்பில் கோடு எதுவும் தெரியாது. இருந்தும் கை நீட்டாமல் இருக்க வேண்டும். வெங்காயப் பையையும் வாரியையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இந்தக் கட்டுப்பாட்டை வாங்க முடியாது. இந்த முறையை எடுத்துப்போய் வேறு கடல்களில் போட்டவர்கள் பலர் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

அந்தக் கட்டுப்பாடு அங்கே எப்படி வந்தது?

ஒரு பகுதி சட்டம். ஜப்பானில் கரையோரக் கடலில் குறிப்பிட்ட எல்லைக்குள் மீன்பிடிக்கும் உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியது. 1949 சட்டம் அதை உறுதி செய்தது. வெளியூர்ப் படகு வந்து அள்ளிக்கொண்டு போக முடியாது.

இன்னொரு பகுதி பட்டினி. சாருஃபுட்சுவில் ஒரு காலத்தில் சிப்பி தானாகவே கொட்டிக் கிடந்தது, கட்டுப்பாடில்லாமல் அள்ளித் தீர்த்தார்கள். 1960களில் சிப்பியும் இல்லை, அந்தக் கரையின் இன்னொரு ஆதாரமான ஹெர்ரிங் மீனும் இல்லை. 'வறுமையைப் பார்க்கணுமா, சாருஃபுட்சு போ' என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் அளவுக்குப் போனது. 1971இல் ஊராட்சியும் சங்கமும் சேர்ந்து, கையிலிருந்ததையெல்லாம் போட்டுப் பெரிய அளவில் குஞ்சு விதைத்தார்கள். அது பலித்தது. இன்று அந்தச் சின்னக் கிராமம் சராசரி வருமானத்தில் ஜப்பான் முழுவதிலும் முன்வரிசையில் நிற்கிறது. பிடிப்பு பொதுக்கணக்கில் சேர்ந்து பங்கிடப்படுவதால், விரைந்து போய் முதலில் அள்ளும் போட்டிக்கே வேலையில்லை.

எதிரிகள் யார்? எப்படிச் சமாளிப்பது?

முதல் எதிரி நட்சத்திர மீன். குழாய்க்கால்களால் ஓட்டைப் பிடித்து இழுத்துத் திறந்து, வயிற்றையே வெளியே தள்ளி உள்ளே நுழைத்துத் தின்னும். அடுத்து நண்டு, பேய்க்கணவாய். நட்சத்திர மீனை வாரியெடுத்துக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. நார்வேயில் பழுப்பு நண்டின் தொல்லை தாங்காமல் கடலடியில் வேலியே கட்டிப் பார்த்தார்கள். நண்டு ஏற முடியாத வேலி. சிப்பி நீந்தித் தாண்டிவிடாதா என்று கேட்பீர்கள். அங்குள்ள ஐரோப்பிய இனம் மணலில் குழி பறித்துப் பதுங்கிக் கிடக்கும் சுபாவம் கொண்டது, அதிகம் ஊர் சுற்றாது.

மற்ற எதிரிகளுக்கு வேலி கிடையாது. 2014 டிசம்பரில் ஒகோட்ஸ்க் கரையை ஒரு கடும்புயல் தாக்கியது. அந்த ஆழத்திலும் அலையின் வீச்சு தரையைக் கலக்கிச் சிப்பிகளைப் புரட்டி அள்ளிப் போட்டது. நான்கு பங்கிலும் வெவ்வேறு வயதுச் சிப்பி கிடந்ததால் அடி ஒரே வருஷத்தோடு முடியவில்லை, தொடர்ந்து வந்த அறுவடைகளிலும் தெரிந்தது. வெப்பமும் அப்படித்தான். ஹொதாதே குளிர்நீர்ப் பிராணி. 20 டிகிரியைத் தாண்டினாலே சுணங்கும். 2010 கோடையில் முட்சு விரிகுடா கொதித்தபோது சிப்பிகள் பெருமளவில் செத்தன. தொங்கும் கூண்டையாவது இன்னும் ஆழத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். தரையில் கிடப்பதை எங்கே இறக்குவது?

எத்தனை உயிரோடு இருக்கிறது என்று மேலிருந்து எப்படித் தெரியும்?

அங்கங்கே மாதிரிக்கு வாரி இழுத்துப் பார்ப்பார்கள், கேமராவை இறக்கிப் படமெடுத்து எண்ணுவார்கள். எப்படியும் கணக்கு ஒரு மதிப்பீடுதான். அந்த இருட்டு பொய்க்கும் வசதியானது.

சீனாவின் தாலியன் அருகே ஜாங்சி தீவு என்று ஒன்று. அங்கே இதே ஹொதாதேயைப் பெரும் பரப்பில் விதைத்து வந்தது பங்குச்சந்தையில் பதிவான ஒரு நிறுவனம். 2014இல், வழக்கமில்லாத குளிர்நீர்த் திரள் வந்து சிப்பியெல்லாம் போய்விட்டது என்று அறிவித்துப் பெரும் நஷ்டக் கணக்குக் காட்டியது. 2018இல் தீனியில்லாமல் செத்துவிட்டன என்றது. 'சிப்பி ஓடிப்போச்சு' என்று நாடே கேலி பேசியது. கடைசியில் 2020இல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம், அந்தப் படகுகளின் பெய்தோ செயற்கைக்கோள் இருப்பிடத் தரவுகளை எடுத்து, எந்தப் பகுதியில் உண்மையில் வாரினார்கள் என்று வரைந்து பார்த்தது. 2016, 2017 கணக்குகள் பொய் என்று முடிவு செய்து தண்டனை விதித்தது. கடலடியைப் பார்க்க முடியாவிட்டாலும் படகு போன தடத்தைப் பார்க்க முடிந்தது.

ஜப்பானுக்கு வெளியே இது ஜெயித்த இடம் உண்டா?

நியூசிலாந்தைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். முழுக்கதையையும் சொல்பவர்கள் குறைவு. தென்தீவின் வடக்கே டாஸ்மன், கோல்டன் விரிகுடாக்களில் சிப்பி 1980களின் தொடக்கத்தில் அடியோடு சரிந்து தொழிலையே நிறுத்தி வைத்தார்கள். ஜப்பானிய முறையில் குஞ்சு பிடித்து விதைத்து, சுழற்சியில் அறுத்தார்கள். 1994இல் உரிமைதாரர்களே சேலஞ்சர் என்ற பெயரில் நிறுவனம் வைத்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். சில காலம் பிரமாதமாக ஓடியது. 2000களில் மறுபடி சரிவு, கடைசியில் அரசு 2016க்குப் பிறகு சிப்பிப் பிடிப்பையே மூட வேண்டி வந்தது. ஆறுகள் அடித்து வரும் வண்டல், வாரியும் இழுவலையும் உழுத தரை என்று காரணங்கள் பேசப்படுகின்றன. கட்டுப்பாடு இருந்தும் மலையில் வெட்டிய மரத்தின் மண் கடலுக்கு வந்தால் சங்கம் என்ன செய்யும்?

வாரி இழுப்பது கடலடியைக் கெடுக்காதா?

கெடுக்கும். பல் வைத்த இரும்பு தரையைக் கீறும். கடற்பஞ்சு, புழு, சின்ன உயிர்கள் நொறுங்கும். நட்சத்திர மீனை எடுத்து ஒரே ஓர் இனத்தை நிரப்புவதும் காட்டை அழித்துத் தோட்டம் போடுகிற வேலைதான். ஒரு பார் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வாரப்படுவது, தினமும் இழுவலை ஓடும் கடலோடு ஒப்பிட்டால் தேவலை. அதற்காக இதை 'பசுமைத் தொழில்' என்று விளம்பரப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஸ்காட்லாந்தில் சில இடங்களில் முக்குளிப்பவர்கள் கையால் பொறுக்குகிறார்கள். தரைக்குச் சேதமில்லை, சிப்பியில் மணலும் குறைவு. ஆனால் அந்த விலைக்குச் சாப்பிட ஆள் வேண்டும்.

நச்சுப்பாசி பயம் உண்டா?

உண்டு. சில நுண்பாசிகள் பெருகும் காலத்தில் அவற்றின் நஞ்சு சிப்பிக்குள் சேரும், தின்பவரைத் தசை முடக்கம் வரை கொண்டு போகும். நஞ்சு பெரும்பாலும் தங்குவது கரும்பச்சைச் செரிமானச் சுரப்பியில். வெள்ளைத் தசையில் மிகக் குறைவு. அந்தச் சுரப்பியில் காட்மியமும் சேர்வதால் ஆலைகளில் அதைப் பிரித்துத் தனியாகக் கழிக்கிறார்கள். வேக வைத்தாலும் வறுத்தாலும் பாசி நஞ்சு போகாது.

தமிழ்நாட்டில் செய்யலாமா?

ஹொதாதேயை முடியாது. மன்னார் வளைகுடாத் தண்ணீர் அதற்குச் சுடுநீர். நம் கடல்களில் நிலாச்சிப்பி போன்ற வெப்பமண்டல ஸ்காலப் இனங்கள் உண்டு, இழுவலையில் தற்செயலாகச் சிக்குபவை. அவற்றை நம்பிப் பணம் போடச் சொல்லமாட்டேன். குஞ்சு வேண்டிய அளவு கிடைக்க வேண்டும், தரைக்கு உரிமை வேண்டும், இரண்டும் இல்லை.

கருத்து மட்டும் நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடி முத்துப் பார்களில் முக்குளித்துச் சோதித்து, சிப்பி முதிர்ந்தது என்று தெரிந்த பிறகே குளிப்பு அறிவிப்பார்கள். அதுவரை பார் மூடியே கிடக்கும். அந்தக் குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1980களின் தொடக்கத்திலேயே முத்துச்சிப்பிக் குஞ்சைப் பொரிப்பகத்தில் உருவாக்கினார்கள். குஞ்சு உண்டாக்கும் அறிவு இங்கே இருக்கிறது. விதைத்தவனே அறுப்பான் என்று கடலில் உத்தரவாதம் தர ஆள் இல்லை.

புள்ளிவிவரங்களில் ஜப்பானின் ஸ்காலப் வளர்ப்பு குறைவாகத் தெரிகிறதே?

வகைப்படுத்துவதில் உள்ள கோளாறு. கடலடியில் விதைத்து வாரியதை அந்த நாட்டுக் கணக்கில் 'வளர்ப்பு' என்று எழுதுவதில்லை, 'பிடிப்பு' என்று எழுதுகிறார்கள். தொங்கவிட்டு வளர்த்தது மட்டுமே வளர்ப்பு. ஆகவே இரண்டு கணக்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

விற்பனை எப்படி?

உறைய வைத்த தசை, உலர்த்திய தசை, ஓட்டோடு உறைந்தது என்று ஏற்றுமதி. சீனாதான் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. 2023 ஆகஸ்டில் ஃபுகுஷிமா அணுவுலையின் சுத்திகரித்த நீரைக் கடலில் விட்டதும் சீனா ஜப்பானியக் கடலுணவை நிறுத்தியது. ஹொக்கைடோ கிடங்குகளில் சிப்பி தேங்கியது. சிப்பியை மூன்று வருஷம் கடலடியில் காத்தவர்கள் அதன் பிறகு குளிர்பதனக் கிடங்கில் காக்க வேண்டி வந்தது. அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியா என்று வேறு சந்தை தேடிப் போனார்கள்.

அத்தனை ஓட்டையும் என்ன செய்கிறார்கள்?

ஹொக்கைடோவில் வருஷத்துக்கு லட்சக்கணக்கான டன் ஓடு குவிகிறது. கொஞ்சம் வயலுக்குச் சுண்ணாம்பாகப் போகிறது, கொஞ்சம் பள்ளிக்கூடச் சாக்பீஸில் கலக்கிறது. சாருஃபுட்சுவின் ஓட்டுப் பொடியைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து, சிப்பி மாதிரியே வரிவரியாகத் தலைக்கவசம் செய்து 2022இல் அறிமுகப்படுத்தினார்கள். பெயர் 'ஷெல்மெட்'. அந்த வரிகள் அழகுக்கு மட்டுமல்ல; ஓட்டுக்கு வலுக் கொடுப்பதும் அவைதான்.